முழங்காலைத் தொட்டுப் பாருங்கள், டாக்டர்: சாத்தூர் பக்கமிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பொறுப்பாளர்களுக்கும், இந்திய மருத்துவ சங்கத் தமிழ்நாடு கிளை நிர்வாகிகளுக்கும், சிற்றூர்களில் கிளினிக் வைத்திருக்கும் குடும்ப மருத்துவர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

போன பங்குனியில் என் அம்மாவை மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். வாந்தி நிற்கவில்லை, கால் வீங்கியிருந்தது, இரண்டு நாளாகச் சிறுநீர் சரியாகப் போகவில்லை. சிறுநீரகம் கெட்டால் இரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் 3.4 என்று வந்தது. சிறுநீரக மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களா?" இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அம்மா சுருக்குப்பையைத் திறந்து ஒரு மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினார். நான்கு வருடத்துக்கு முந்தைய சீட்டு. மடித்து மடித்துக் கிழிய ஆரம்பித்ததால் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்து வைத்திருந்தார். டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். எத்தனை நாளைக்கு என்று அதில் எழுதவில்லை. அம்மா அதை ஆயுளுக்கும் என்று எடுத்துக்கொண்டார். மருந்துக் கடைக்காரரும் அந்தச் சீட்டைப் பார்த்து மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சீட்டை எழுதியவர் மேல் புகார் சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் இருபது வருடமாக எங்கள் குடும்பத்துக்கு வைத்தியம் பார்ப்பவர். என் அப்பா கடைசி நாட்களில் கிடந்தபோது, ராத்திரி பதினொரு மணிக்கு மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தவர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அவருக்கு அத்துப்படி. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்த்தே பாதி சொல்லிவிடுவார். முழங்கால் விஷயத்தில் மட்டும் அவருக்கு யாரும் புதிதாக எதையும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அதனால்தான் மடல் உங்களுக்கு வருகிறது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்று நீங்கள் சொல்லும் முழங்கால் மூட்டு நோயைப் பற்றி, குடும்ப மருத்துவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் செய்முறைப் பயிற்சி கொடுங்கள்.

அம்மாவின் கதை உங்களுக்குத் தெரிந்த கதைதான். பதினாறு வயதிலிருந்து ஐம்பத்தைந்து வயது வரை தீப்பெட்டி ஆபீசில் வேலை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தீக்குச்சி அடுக்கியவர். அறுபது வயதில் வலது முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. படியிறங்கும்போது வலி, தரையிலிருந்து எழுந்திருக்கும்போது வலி, காலையில் ஒரு பத்து நிமிடம் கால் மடங்காது. அறுபத்து நான்கு வயதில்தான் தாங்க முடியாமல் கிளினிக்குக்குப் போனார். எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார்கள். அந்தப் படத்தை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து டாக்டர் சொன்னது இதுதான்: "பாருங்கம்மா, ஜவ்வு பூரா தேஞ்சுருச்சு. எலும்பும் எலும்பும் உரசுது. தேய்மானம். நடக்கிறதக் குறைச்சுக்கங்க, மாடி ஏறாதீங்க, கீழ உக்காராதீங்க."

தேய்மானம் என்ற அந்த ஒரு சொல் அம்மாவை என்ன செய்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா எதையும் மிச்சம் பிடித்து வாழ்ந்தவர். சோப்பு தேயும் என்று தண்ணீர் படாமல் எடுத்து வைப்பார். செருப்பு தேயும் என்று தெரு வரைக்கும் வெறுங்காலில் போவார். அவரிடம் போய் "உங்கள் மூட்டு தேய்ந்துவிட்டது" என்றால் என்ன செய்வார்? இருக்கிற கொஞ்சத்தையாவது காப்பாற்றப் பார்ப்பார். அதைத்தான் செய்தார். முதலில் கடைக்குப் போவதை நிறுத்தினார். அப்புறம் மொட்டை மாடியில் வடகம் காயப் போடுவதை நிறுத்தினார். ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்க நடந்தே போகிறவர், போகவில்லை. காலை எழுந்ததும் கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில். "நடந்தா இன்னும் தேயும்னு டாக்டர் சொல்லிட்டாரே" என்பார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுப்பவள். எனக்கும் அது சரியான கணக்காகவே தோன்றியது. "ஆமாம்மா, உட்காருங்க" என்று சொன்னதில் நானும் ஓர் ஆள். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

நான்கு வருடத்தில் ஒன்பது கிலோ ஏறியது. தொடையைத் தொட்டால் சதை துணி மாதிரித் தொங்கியது. கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார். எங்கள் வீட்டில் இருந்தது தரையோடு இருக்கும் பழைய கழிப்பறை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவார், எழுந்திருக்க முடியாமல் உள்ளேயிருந்து என்னைக் கூப்பிடுவார். ஒருமுறை நான் பள்ளியில் இருந்தபோது நாற்பது நிமிடம் அப்படியே கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் தண்ணீர் குடிப்பது குறைந்தது என்று எனக்கு இப்போது புரிகிறது. இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, அதோடு சேர்ந்தே நீர் பிரிய ஒரு மருந்து, இதன் மேல் தினம் இரண்டு வேளை வலி மாத்திரை. இந்த மூன்றும் ஓர் உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறையும், தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் இன்னும் மோசம் என்று மதுரை டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு எனக்கு விளக்கினார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிடத்தை நான்கு வருடத்துக்கு முன்பே யாராவது எங்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

நல்லவேளையாக டயாலிசிஸ் வரை போகவில்லை. மாத்திரையை நிறுத்தி, மூன்று வாரத்தில் கிரியேட்டினின் 1.6-க்கு இறங்கியது. பழைய அளவுக்கு இனி வராது என்கிறார்கள்.

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க ஆத்திரம்தான் வந்தது, ஏனென்றால் இதில் ரகசியம் எதுவுமே இல்லை. மூட்டு, டயர் தேய்கிற மாதிரித் தேய்வதில்லை. டாக்டர் ஜவ்வு என்று சொன்ன குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம். காலை ஊன்றி எடுக்கும்போது ஏற்படும் அழுத்தமும் தளர்வும்தான் அந்தத் திரவத்தை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதாவது, நடந்தால்தான் அதற்குச் சாப்பாடு. என் அம்மா நான்கு வருடம் தன் மூட்டைப் பட்டினி போட்டுக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

எக்ஸ்ரே விஷயமும் அப்படித்தான். படத்தில் மோசமாகத் தெரிகிறவர் வலியில்லாமல் நடப்பதுண்டு, படத்தில் ஒன்றுமில்லாதவர் வலியில் துடிப்பதும் உண்டு. இங்கிலாந்தில் மருத்துவர்களுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது: வயது 45 அல்லது அதற்கு மேல், வேலை செய்தால் வரும் வலி, காலையில் விறைப்பு இல்லை அல்லது அரை மணி நேரத்துக்கு மேல் இல்லை என்றால், படம் எடுக்காமலேயே இந்த நோயைக் கண்டுபிடிக்கலாம். முதல் சிகிச்சை உடற்பயிற்சி. எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைக்க உதவி. மருந்து வேண்டுமானால் முதலில் முழங்காலில் தடவும் வலி ஜெல். மாத்திரை தேவைப்பட்டால் குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு, வயிற்றைக் காக்கும் மருந்தோடு, சிறுநீரகத்தையும் இதயத்தையும் யோசித்து. மூட்டுக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரை வேண்டாம். மூட்டுக்குள் போடும் ஹையலுரோனிக் ஊசி வேண்டாம். அம்மாவின் மருந்துப் பெட்டியில் ஒன்றரை வருடத்துக்கான குளுக்கோசமைன் அட்டைகள் கிடந்தன. மாதம் அறுநூறு ரூபாய்க்கு மேல். அம்மாவின் முதியோர் உதவித்தொகையில் பாதி.

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி கொஞ்ச நாளைக்கு வலியைக் குறைக்கும். ஆனால் அமெரிக்காவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வலியில் உப்புத்தண்ணீர் ஊசியைவிட மேலான பலன் இல்லை, குருத்தெலும்பு மட்டும் கூடுதலாகக் குறைந்திருந்தது. உள்ளே குழாய் விட்டுச் சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை, வெறுமனே தோலைக் கீறித் தைத்துவிடும் போலி அறுவையைவிட மேலானது இல்லை என்று ஹூஸ்டனில் நடந்த ஆய்வு சொன்னது 2002-இல். இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இந்தச் செய்தி எங்கள் ஊர் கிளினிக்குக்கு வந்து சேர இன்னும் எத்தனை வருடம் வேண்டும்?

நம் ஊரில் இது அரிதான நோயும் இல்லை. இந்தியாவில் ஐந்து இடங்களில் எடுத்து 2016-இல் வெளியான கணக்கெடுப்பில் முழங்கால் மூட்டு நோய் 28.7 சதவீதம் பேருக்கு இருந்தது. உலகத்தில் 2019-இல் 36.5 கோடிப் பேருக்கு முழங்காலில் இந்த நோய் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூட்டு நோய் உள்ளவர்களில் 60 சதவீதம் பெண்கள். எங்கள் தெருவில் எண்ணிப் பார்த்தால், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த என் அம்மா வயதுப் பெண்களில் முழங்காலைப் பிடிக்காமல் எழுந்திருக்கிற ஒருவரைக்கூட என்னால் காட்ட முடியாது. இத்தனை பேர் முதலில் போய் நிற்பது எலும்பு நிபுணரிடம் இல்லை, குடும்ப மருத்துவரிடம். அங்கே சொல்லப்படும் முதல் பத்து வார்த்தையில்தான் அவர்களுடைய மிச்ச வருடங்கள் தீர்மானமாகின்றன. அதனால்தான் மறுபடியும் கேட்கிறேன், அந்த மருத்துவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுங்கள்.

அவர்கள் பக்கத்துக் கஷ்டமும் எனக்குத் தெரியும். சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பதரைக்குள் எழுபது எண்பது பேர். ஆளுக்கு மூன்று நிமிடம்கூட இல்லை. உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுவார். "ஒரு ஊசியப் போட்டு விடுங்க டாக்டர், நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்று கேட்பவர்களும் நாங்கள்தான். என் அம்மாவே கேட்டிருக்கிறார். ஊசி போடாத டாக்டரைக் கைராசி இல்லாதவர் என்று சொல்கிற ஊர் எங்களுடையது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த மூன்று நிமிடத்திலேயே "தேய்மானம், நடக்காதீங்க" என்று சொல்லவும் முடியும், "மூட்டுக்கு நடைதான் மருந்து, பயப்படாதீங்க, தொடைச் சதையப் பலப்படுத்துவோம்" என்று சொல்லவும் முடியும். இரண்டுக்கும் ஆகும் நேரம் ஒன்றுதான்.

அம்மாவுக்கு அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட். என் மாணவிகள் வயதுதான் இருக்கும். அந்தப் பெண் செய்த முதல் காரியம், முழங்காலைக் கையால் தொட்டது. நான்கு வருடத்தில் முதல் முறை! உள்ளங்கையை மூட்டின் மேல் வைத்துக்கொண்டு காலை மடக்கி நீட்டச் சொன்னார். "நறநறங்குதா, இது எல்லாருக்கும் இருக்கும், இதனால ஒண்ணும் உடையாதும்மா" என்றார். அப்புறம் இடுப்பையும் அசைத்துப் பார்த்தார், இடுப்பு மூட்டில் கோளாறு இருந்து வலி முழங்காலில் தெரிவதுண்டாம். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தி ஐந்து எண்ணச் சொன்னார். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொன்னார், முதல் நாள் மூன்று தடவை. கடைசியாகக் கிளம்பும்போது அம்மாவின் ஊன்றுகோலைப் பார்த்தார். அம்மா அதை நான்கு வருடமாக வலிக்கிற வலது பக்கத்திலேயே பிடித்து வந்தார். வாங்கி இடது கையில் கொடுத்து, "இப்ப நடங்க" என்றார். அம்மா வாசல் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியவில்லை.

வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் கோலைப் பிடிக்க வேண்டும். நான்கு வருடத்தில் அம்மாவை மூன்று மருத்துவர்கள் பார்த்தார்கள், அந்தக் கோலோடுதான் போனார், மூன்று பேரில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. இதற்கு மருந்து வேண்டாம், கருவி வேண்டாம், ஒரு ரூபாய் செலவில்லை. இதைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் அலட்சியம் என்று நான் நம்பவில்லை. அவர்களுக்கே தெரிந்திருக்காது, அல்லது படிக்கும்போது தெரிந்து மறந்திருக்கும். பயிற்சி என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

டைக்ளோஃபெனாக் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்த மருந்து போட்ட மாடுகளின் உடலைத் தின்று, சிறுநீரகம் கெட்டு லட்சக்கணக்கில் பிணந்தின்னிக் கழுகுகள் செத்ததால், 2006-இல் கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை இந்தியா தடை செய்தது. நல்ல காரியம். நீலகிரிப் பக்கம் மாயாற்றில் மிச்சமிருக்கும் கழுகுகள் வாழட்டும். ஆனால் அதே மருந்தை, வயதானவர்கள் லேமினேட் செய்த பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்குகிறார்கள் என்பதை யார் கவனிப்பது? சாலை முழுக்க மூட்டு மாற்று அறுவை சிகிச்சை விளம்பரம். செயற்கை மூட்டின் விலைக்கு 2017-இல் அரசு உச்சவரம்பு வைத்தது, அதனால் பலன் அடைந்தவர்கள் உண்டு, நோய் முற்றியவர்களுக்கு அந்த அறுவை பெரிய வரம் என்பதும் உண்மை. ஆனால் மாத்திரைக்கும் அறுவைக்கும் நடுவில் இருக்கும் அத்தனை வருடத்துக்கும் இவர்களுக்கு என்ன இருக்கிறது? டவுன் பஸ்ஸின் முதல் படி என் முழங்கால் உயரம். ஓய்வூதியக் காரியம் என்று போனால் அலுவலகம் மாடியில், லிஃப்ட் கிடையாது. ரேஷன் கடையில் உட்கார ஒரு திண்ணை கிடையாது. கைரேகை வைக்க நேரில் வா என்கிறார்கள், வருவதற்கு எந்த வழியும் செய்து வைக்கவில்லை. நடக்கச் சொல்வது இருக்கட்டும், இந்த நாட்டில் முழங்கால் வலிக்கிற ஒரு பெண் எங்கே நடப்பாள்?

மன்னிக்கவும். பஸ் படி உங்கள் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் கையில் இருப்பதைக் கேட்கிறேன்.

மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளில், ஐந்து வருடத்துக்கு முப்பது மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வியில் கலந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அந்த முப்பதில் ஆறு மணி நேரத்தைத்தான் கேட்கிறேன். நட்சத்திர ஓட்டலில், மருந்து நிறுவனத்தின் செலவில், இருட்டறையில் படம் காட்டி முடிக்கும் கூட்டம் வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ ஒரு பள்ளிக்கூடத்திலோ, உண்மையான நோயாளிகளை வைத்து, பிசியோதெரபிஸ்டுகளும் சேர்ந்து நடத்தட்டும். முழங்காலைத் தொட்டுப் பார்ப்பது எப்படி, வெறும் மூட்டு நோய் எது, வீக்கமும் சூடும் நீண்ட காலை விறைப்பும் இருந்தால் வேறு எதைச் சந்தேகிக்க வேண்டும், எப்போது மேலே அனுப்ப வேண்டும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு வலி மாத்திரையை எப்படி எழுத வேண்டும் என்பது காலையில். மூன்று உடற்பயிற்சிகளைத் தாங்களே செய்து பார்ப்பது மதியத்தில். தேய்மானம் என்று சொல்லாமல் இந்த நோயைத் தமிழில் எப்படி விளக்குவது என்பதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள், தயவுசெய்து. சீட்டில் நாள் கணக்கை எழுதுவதையும் அங்கேயே பழக்குங்கள்.

முடியாத காரியம் இல்லை. டென்மார்க்கில் 2013-இல் இந்த மூட்டு நோய்க்காகவே கிளாட் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். பிசியோதெரபிஸ்டுகளுக்கு இரண்டே நாள் பயிற்சி. அவர்கள் நோயாளிகளுக்கு நோயைப் பற்றி விளக்கிச் சொல்லி, பன்னிரண்டு வகுப்பு உடற்பயிற்சி கொடுக்கிறார்கள். அது கனடா, ஆஸ்திரேலியா, சீனா என்று பரவியிருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், வேலூர் சி.எம்.சி.யில் வேலையில் இருக்கும் பொது மருத்துவர்களுக்காகவே குடும்ப மருத்துவத்தில் தொலைநிலைப் படிப்பு நடத்துகிறார்கள். சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறது, வழி இருக்கிறது. வீடு வரைக்கும் பிசியோதெரபிஸ்டை அனுப்ப 2021-லேயே அரசு ஏற்பாடு செய்துவிட்டது. நடுவில் இருக்கும் குடும்ப மருத்துவர் "இவரைப் போய்ப் பாருங்கள்" என்று அந்தப் பெண்ணின் பெயரை எழுதிக் கொடுத்தால் போதும், சங்கிலி கூடிவிடும்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று ஆய்வு செய்து கண்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு ஏறியது ஒன்பது கிலோ. ஓர் அடிக்கு முப்பத்தாறு கிலோ. "நடக்காதீங்க" என்ற ஒரு வார்த்தை அவர் காலில் கட்டிவிட்ட எடை அது. இப்போது இரண்டரை கிலோ இறக்கியிருக்கிறார். தெருமுனை பால் பூத் வரைக்கும் தினம் போய்வருகிறார். நாற்காலியில் எழுந்து உட்காருவது பன்னிரண்டு தடவைக்கு வந்திருக்கிறது. வலி போகவில்லை, குறைந்திருக்கிறது. வலித்தால் ஜெல் தடவிக்கொள்கிறார், தவிட்டைத் துணியில் கட்டிச் சூடாக்கி ஒத்தடம் கொடுக்கிறேன்.

முதல் பயிற்சியை விருதுநகர் மாவட்டத்தில் வைப்பதாக இருந்தால் இடத்துக்கு அலைய வேண்டாம். எங்கள் பள்ளியில் சனிக்கிழமை அரங்கம் சும்மாதான் இருக்கிறது, தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். நாற்காலிகளும் பெஞ்சும் இருக்கின்றன. மதியச் சாப்பாட்டை ஆசிரியர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எங்கள் குடும்ப மருத்துவரிடமும் போய்ப் பேசினேன். அம்மாவின் கிரியேட்டினின் ரிப்போர்ட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வைக்கச் சொல்லுங்க டீச்சர், முதல் ஆளா வர்றேன்" என்றார்.

அம்மாவிடமும் சொன்னேன், டாக்டர்கள் எல்லாம் வந்து முழங்காலைத் தொட்டுப் பார்த்துப் படிப்பார்கள், வருவீர்களா என்று. "என் காலத்தான குடுக்கணும், வாரேன். எத்தன பேரு வேணாலும் பாக்கட்டும்" என்றார். எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் சொல்லுங்கள்.

மிக்க மரியாதையுடன்,
ஒரு கணித ஆசிரியை,
சாத்தூர் வட்டம், விருதுநகர் மாவட்டம்.